மானாவாரிக் கண்மாய்க்கு 20 லட்சம்: தூர் வாருவதா, வரத்துக்காலைச் சரிசெய்வதா?

கொட்டாம்பட்டி_மானாவாரி

எங்கள் பக்கம் பெரியாறு கால்வாய் எட்டாது. மழையை நம்பிய கண்மாய். நீர்ப்பரப்பு 60 ஏக்கர், ஆயக்கட்டு (பாசன நிலம்) 140 ஏக்கர், மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) மூன்று, கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) ஒன்று. நிறைந்தால் சராசரி ஆழம் 5 அடி. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, நடுவில் இரண்டு இடத்தில் ரோடு குறுக்கிடுகிறது. உள்வாயிலும் (தண்ணீர் நிற்கும் உட்பக்கம்) கரையிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

ஒரு நிறுவனம் 20 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. செப்டம்பருக்குள் வேலை முடிய வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பெரும்பாலோர், "மொத்தமாத் தூர் வாரிடுவோம், ஒரு அடி ஆழம் கூடினாலே ரெண்டு வருசத்துக்குத் தண்ணி நிக்கும்" என்கிறார்கள். சிலர் மடையை முதலில் பாருங்கள் என்கிறார்கள். கணக்கோடு சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.

நீர்மட்டம்

கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 60 ஏக்கரில் ஒரு அடி மண் எடுத்தால் 26 லட்சத்து 13 ஆயிரத்து 600 கனஅடி. ஒரு யூனிட் 100 கனஅடி, அதாவது ஒரு டிராக்டர் டிப்பர். ஆக 26,136 லோடு. வெட்டி, ஏற்றி, ஒரு கிலோமீட்டருக்குள் கொட்டிச் சமன்செய்ய லோடுக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 78 லட்சம் ஆகிறது. உங்கள் 20 லட்சத்தில் மூன்று அங்குலம்தான் எடுக்க முடியும். அதுவும் ஒரே அளவாக எடுக்கமாட்டார்கள். வண்டி போக வசதியான இடத்தில் ஆளுயரப் பள்ளமும் மற்ற இடத்தில் பழைய தரையுமாகத்தான் முடியும்.

அந்த ஒரு அடியால் கிடைக்கும் கொள்ளளவு 60 ஏக்கரடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கரடி). உங்கள் கண்மாய் ஒருமுறை நிறைந்தால் 300 ஏக்கரடி. நெல்லுக்கு ஏக்கருக்கு 4 அடித் தண்ணீர் என்றால் 140 ஏக்கருக்கு 560 ஏக்கரடி வேண்டும். மழை நேரடியாக வயலில் விழுவதைக் கழித்தாலும், ஒரு நிறைப்பு போதாது, ஐப்பசியில் நிறைந்து பாய்ந்த கண்மாய் கார்த்திகையில் இன்னொரு தடவை நிறைந்தாக வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. இரண்டாம் நிறைப்பு என்பது ஒரு அடி தூர் வாருவதைப்போல் ஐந்து மடங்கு. அதைக் கொண்டுவருவது வரத்துக்கால், கண்மாயின் ஆழம் அல்ல.

வரத்துக்காலின் கணக்கும் பாருங்கள். அடி அகலம் 2 மீட்டர், பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்று, தண்ணீர் ஆழம் 60 செ.மீ., வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 27 கனஅடி வரும். விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் 24 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கரடி. ஆகவே ஒரு நாள் முழுக்க ஓடினால் 54 ஏக்கரடி வந்து சேரும். 78 லட்சத்துக்குக் கிடைக்கும் கொள்ளளவுக்கு இணையான தண்ணீர் ஏறத்தாழ ஒரே நாளில். அதே வாய்க்காலில் பாதி ஆழத்துக்கு மண் மேடிட்டிருந்தால் வரத்து பாதியோடு நிற்காது. குறுக்குவெட்டும் சுருங்கி வேகமும் குறைவதால் சுமார் பதினோரு கனஅடிக்கு இறங்கிவிடும், பாதிகூடத் தேறாது. நம் பக்கம் பெருமழை இரண்டு மூன்று நாளில் அடித்து ஓய்ந்துவிடும். அந்த நேரத்துக்குள் வாங்கிக்கொள்ளாத வாய்க்கால் பிறகு எவ்வளவு அகலமாக இருந்தும் பயன் இல்லை.

உசிலை_புஞ்சை

நீர்மட்டம் அண்ணே, கணக்கு சரி. ஆனால் ஆழத்தை அப்படி ஒதுக்கிவிடக் கூடாது. உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் கண்மாயில் மாசியோடு தண்ணீர் வற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆடு மாட்டுக்கு எங்கே போவது? சுற்றியுள்ள கிணறு ஊறுவதும் கண்மாயில் நிற்கும் தண்ணீரால்தான். எங்களுக்கு 58 கிராமக் கால்வாய் இருந்தும் வைகை அணை 67 அடியைத் தொட்டால்தான் தண்ணீர் ஏறும், அணையின் முழு மட்டமே 71. அப்படி எப்போதாவது வரும் தண்ணீரை வைத்துக்கொள்ள இடம் வேண்டாமா?

நீர்மட்டம்

வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதுதான் விஷயம். மடையின் அடிக்கல் மட்டத்துக்குக் கீழே தோண்டுகிற எந்த ஆழமும் வயலுக்குப் பாயாது. அது மாட்டுக்கும் மீனுக்கும் ஊற்றுக்கும் உரிய தண்ணீர். அந்தத் தேவைக்கு 60 ஏக்கரையும் வெட்ட வேண்டியதில்லை. கரையிலிருந்து தள்ளி, உள்வாயின் தாழ்ந்த பகுதியில் இரண்டு ஏக்கருக்கு ஒரு பள்ளம், ஐந்தடி ஆழம், மாடு இறங்கி ஏற ஒரு பக்கம் நான்குக்கு ஒன்று என்ற சரிவு. அது போதும். பரந்து ஆழமில்லாமல் நிற்கும் தண்ணீரைவிடக் குறுகி ஆழமாக நிற்கும் தண்ணீர் வெயிலுக்கு நின்று தாங்கும், ஆவியாகும் பரப்பு குறைவு.

கிணறு ஊற வேண்டும் என்றால் வண்டலுக்குக் கீழே உள்ள சரளை வரை ஓரிரு இடத்தில் இறங்கலாம். கண்மாய் முழுக்க அப்படி வெட்டினால் களிமண் படுகை அறுந்து, நிறைந்த தண்ணீர் தையிலேயே கீழே இறங்கிவிடும். ஆயக்கட்டுக்காரர்களும் கிணற்றுக்காரர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் ஊரில் இதுவே சண்டையாகும். முதலிலேயே உட்கார்ந்து பேசி, எந்த இடம், எவ்வளவு என்று தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

கரைக்காவல்

கரையை ஒட்டித் தோண்டும் வழக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பொக்லைன்காரருக்கு வண்டி நிறுத்த வசதி என்று உள்வாயில் கரை அடியிலேயே மண் எடுத்து, அதையே கரை மேல் போட்டுவிடுகிறார்கள். பார்வைக்குக் கரை உயர்ந்திருக்கும். உண்மையில் கரையின் கால் அறுக்கப்பட்டிருக்கிறது. பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் கரைக்கு அடியில் குறுக்கு வழியில் கசிந்து வெளிவாயில் ஊற்றாகப் புறப்படும்.

கரை உயரத்தைப்போல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் உள்வாயில் தோண்டவே கூடாது. கரை 3 மீட்டர் என்றால் 15 மீட்டர். சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியை இறக்குங்கள்.

கரை பலப்படுத்தும்போது பழைய கரை மேல் புது மண்ணைச் சும்மா கொட்டினால் முதல் மழைக்கே பாளமாக வழுக்கி இறங்கும். செடி, வேர், புல் எல்லாம் சுரண்டிவிட்டு, பழைய சரிவைப் படிபடியாக வெட்டி, ஒரு சாண் அளவுக்கு மண் போட்டு, ஈரப்படுத்தி, ரோலர் ஓட்டி, அதன் மேல் அடுத்த சாண். மண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், கையில் சேறு ஒட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். உள்வாய்ச் சரிவு இரண்டுக்கு ஒன்று. கரிசல் களியை மட்டும் வைத்துக் கரை போட்டால் கோடையில் வாய் பிளக்கும். களி நடுவில், செம்மண் கலந்த சரளை வெளியில்.

ஏற்கெனவே ஊற்று இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் நிறைந்திருக்கும்போது வெளிவாயில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவனித்துவந்தால் போதும். கலங்கிய தண்ணீர் வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது, அன்றிரவே ஆள் வேண்டும். அப்போது வெளிவாயில் களிமண்ணை வைத்து அடைப்பது ஆபத்து, அது வேறு இடத்தில் பீறும். ஊற்று வாயில் முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி, சுற்றி மணல் மூட்டை. தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது. அடைப்பை உள்வாய்ப் பக்கம்தான் தேட வேண்டும்.

மேலூர்_ஒருபோகம்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் கதை வேறு, அதைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்காதீர்கள். பெரியாறு கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் பகுதியில் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கர், ஆக 1,05,002 ஏக்கர் ஒருபோகம் (வருடத்துக்கு ஒரு பயிர்). அணையில் இருப்பு இருந்தால் 120 நாள் திறப்பார்கள், முதல் 45 நாள் தொடர்ந்து, மீதி 75 நாள் முறை வைத்து, அதாவது விட்டுவிட்டு. எங்களுக்குக் கண்மாய் என்பது முறை நாளுக்கும் முறை நாளுக்கும் நடுவில் தண்ணீரைத் தேக்கும் இடம். உங்களுடையது வருடம் முழுவதற்குமான சேமிப்பு. அதனால் எங்களைவிட உங்களுக்கு மடைக் கசிவு பெரிய நஷ்டம்.

மடைக்கல்

மேலூர் அண்ணன் சரியான இடத்தில் தொட்டார். இரண்டடி அகல ஷட்டர் ஒன்று அடியில் ஒரு அங்குலம் சரியாக உட்காரவில்லை என்று வையுங்கள். ஐந்தடித் தண்ணீர் மேலே நின்றால் அந்த இடுக்கு வழியாக விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் கனஅடி போகும். ஒரு நாளைக்கு மூன்றரை ஏக்கரடி. மட்டம் இறங்க இறங்கக் கசிவு குறையும் என்றாலும், ஒரு மாதத்தில் 300-இல் 80, 90 ஏக்கரடி போய்விடும். யாரும் பயிர் வைக்காத மாதத்தில், யாருக்கும் உதவாமல், ஓடையில்.

மடை வேலையில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடம்.

ஷட்டர் தகடும், அது ஏறி இறங்கும் காடியும். துருப்பிடித்த தகட்டை மாற்றுகிறார்கள், காடியை விட்டுவிடுகிறார்கள். புதுத் தகடு பழைய காடியில் ஒரு பக்கம் தொங்கும். காடி, அடிக்கல், தகடு மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், அடியிலும் பக்கத்திலும் ரப்பர் பட்டை வைக்க வேண்டும். திருகுத் தண்டு நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சாய்ந்த தண்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் வளைந்து, பாதி திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, கரைக்கு அடியில் போகும் சுரங்கம். கட்டுமானத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டால் மடை மூடியிருந்தும் வெளியே ஓடும். கரை உடைவதும் பெரும்பாலும் மடையை ஒட்டித்தான். ஷட்டரை மூடிய பிறகும் வெளியே தண்ணீர் வந்தால், சுரங்கத்தின் வாய்க்குள்ளிருந்து வருகிறதா, பக்கத்து மண்ணிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். பக்கத்திலிருந்து என்றால் ஷட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. கண்மாய் வற்றியிருக்கும்போது அந்த இடத்தில் கரையைத் திறந்து, சுரங்கத்தைச் சுற்றிக் குறுக்குச் சுவர் எழுப்பி, களிமண்ணை மெல்லிய அடுக்குகளாகக் கையால் திமிசு போட்டு இறுக்க வேண்டும். சுரங்கத்தை ஒட்டி ரோலர் ஓட்டாதீர்கள், கட்டுமானம் விரியும்.

மூன்றாவது இடம் வெளியே, தண்ணீர் விழுகிற தொட்டி. அது உடைந்திருந்தால் வாய்க்கால் தலைப்பிலேயே குழி பறித்து, பிறகு கரையின் காலைத் தொடும். செலவு குறைவு, அதனாலேயே எஸ்டிமேட்டில் விட்டுப்போகும்.

பழைய குமிழி மடை (கல்லில் உள்ள துளையைக் கட்டையால் அடைக்கும் மடை) நல்ல நிலையில் இருந்தால் இடிக்க வேண்டாம். கல் கட்டுமானத்துக்கு உயிர் அதிகம். அடைப்புக் கட்டையை மட்டும் புதிதாகச் செய்து போடுங்கள்.

செல்லூர்_வாய்க்கால்

நகரத்துக்குள் இருக்கிறவன் என்ற முறையில் கலுங்கைப் பற்றிப் பேசுகிறேன். 2024 அக்டோபரில் ஒரே மாலை மழையில் செல்லூர் வீதிகள் மூழ்கியபோது எல்லோரும் கண்மாயைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் வெளியேற வேண்டிய பந்தல்குடி வாய்க்கால் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கேள்வி. கிராமத்திலும் இதே பாடம். கண்மாய்க்குள் அதிகத் தண்ணீர் கொண்டுவர வரத்துக்காலை அகலப்படுத்துகிறவர்கள், அதே அளவு தண்ணீர் கலுங்கு வழியாகப் போகுமா, போய் மறுகால் ஓடையில் தங்குதடையின்றி ஓடுமா என்று பார்ப்பதே இல்லை.

10 மீட்டர் நீளக் கலுங்கின் மேல் ஒரு அடித் தண்ணீர் வழிந்தால் விநாடிக்குச் சுமார் 100 கனஅடி வெளியேறும். இரண்டடி வழிந்தால் 280. கலுங்கில் பாதி நீளத்தை யாராவது மண் போட்டு மேடாக்கியிருந்தால், அதே 100 கனஅடி வெளியேறத் தண்ணீர் ஒன்றரை அடிக்கு மேல் ஏற வேண்டும். அந்தக் கூடுதல் அரை அடி கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடும். கலுங்கின் தலைமட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கலுங்கை உயர்த்துவது இன்னொரு பழக்கம். மீன் குத்தகை எடுத்தவரும், கூடுதலாகத் தேங்கட்டும் என்று ஆயக்கட்டுக்காரரும் சேர்ந்து மணல் மூட்டை அடுக்குவார்கள். உள்வாயில் நிலம் வைத்திருப்பவர் ராத்திரியில் போய் உடைப்பார். இரண்டும் வேண்டாம். கலுங்கின் மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பொதுப்பணித் துறையின் கண்மாய் மெமாயரில் எழுதியிருக்கும். முழு நீர்மட்டம், கொள்ளளவு, மடை அடிமட்டம், கலுங்கு நீளம் எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்பதால் கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், ஒன்றியத்திடம் அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் மெமாயர் நகல் கேளுங்கள். அவர்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கரையிலோ மடையிலோ கை வைக்கவும் கூடாது. நிதி கொடுப்பவரும் அதைக் கேட்பார்.

தொடர்கண்மாய்

வேலை எந்த முனையில் தொடங்க வேண்டும் என்பதில் எப்போதும் தகராறு. "மேலே இருந்து வருவோம்" என்பார்கள். என் கருத்து வேறு: வேலையைக் கீழே தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் மறுகால் ஓடை, அடுத்து கலுங்கு, அடுத்து கரையும் மடையும், கடைசியில் வரத்துக்கால். ஆகஸ்டிலேயே ஒரு மழை நன்றாக அடித்துவிட்டால், வரத்துக்கால் மட்டும் தயாராக இருக்கும் கண்மாய்க்குத்தான் ஆபத்து. தண்ணீர் வந்து சேரும், போக வழி இருக்காது.

மேலூர்_ஒருபோகம்

தொடர்கண்மாய் ஐயா சொல்வது வேலை வரிசைக்குச் சரி. அளவெடுப்பு மட்டும் மேலே இருந்துதான் வர வேண்டும். வாய்க்கால் தலைப்பின் மட்டம் தெரியாமல் கீழே எதையும் நிர்ணயிக்க முடியாது. வைகையிலேயே மணல் போய் ஆற்றுப் படுகை தாழ்ந்ததால் கால்வாய்த் தலைமடை மேலே நிற்கிற இடங்களைப் பார்க்கிறோம். உங்கள் ஓடையிலும் தலைப்பு அப்படி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் வாய்க்காலை எவ்வளவு வெட்டினாலும் தண்ணீர் ஏறாது. ஓடையின் குறுக்கே ஒன்றிரண்டு அடி உயரத்தில் ஒரு தடுப்புச்சுவர் வேண்டியிருக்கும்.

நீர்மட்டம்

ஆமாம். லெவல் எடுக்காமல் பொக்லைனை வாய்க்காலுக்குள் விடுவதுதான் மிகப் பெரிய வீண்செலவு. ஓட்டுநர் கண்பார்வைக்கு வெட்டுவார், ஒரு இடத்தில் குழி, அடுத்த இடத்தில் மேடு. குழியில் நிற்பது ஊறிப்போகும், மேட்டில் வண்டல் படியும். டம்பி லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து ஒருவர் ஓரிரு நாளில் மூன்று கிலோமீட்டரை முடித்துவிடுவார். 30 மீட்டருக்கு ஒரு முளை, முளையில் வெட்ட வேண்டிய ஆழம் பெயின்டில். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு கிடைத்தால் நல்லது. மண் வாய்க்காலில் விநாடிக்கு 30 செ.மீ.க்குக் கீழே வேகம் போனால் வண்டல் படியும், 90 செ.மீ.க்கு மேல் போனால் கரை அரிக்கும்.

ரோடு குறுக்கிடும் இரண்டு இடத்தையும் போய் அளந்துவிட்டு எழுதுங்கள். பெரும்பாலும் 600 மி.மீ. குழாய் ஒன்று போட்டிருப்பார்கள். 27 கனஅடிக்கு அது போதாது. 900 மி.மீ. குழாயின் வாய் அதைவிட இரண்டேகால் மடங்கு பெரிது. குழாயின் அடிமட்டம் வாய்க்கால் அடிமட்டத்தோடு ஒத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு அடி மேலே வைத்துவிட்டுப் போனால் அந்த ஒரு அடி உயரத்துக்கு வாய்க்கால் முழுக்க மண் நிரம்பும்.

வேலிக்கருவை

சீமைக்கருவேலம் பற்றிச் சுருக்கமாக. வெட்டினால் துளிர்க்கும், வேர்க்கட்டையோடு பிடுங்க வேண்டும். மண் லேசாக ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் வேர் முழுதாக வரும், காய்ந்த மண்ணில் அறுந்து நின்று மறுபடி தழைக்கும். ஆட்டுச் சாணத்தில் வரும் விதை பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதனால் முதல் மழைக்குப் பிறகு முளைத்த கன்றுகளைக் கையால் பிடுங்க ஒரு சுற்று, அடுத்த வருடம் இன்னொரு சுற்று. இந்தச் சுற்றுக்குப் பணம் ஒதுக்காத இடத்தில் எல்லாம் மூன்றாம் வருடம் பழைய காடுதான்.

கரையில் இருப்பதை மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். பெரிய மரத்தைப் பிடுங்கினால் கரைக்குள் வேர் போன வழி ஓட்டையாக நிற்கும், தண்ணீர் அதில் புகும். பிடுங்கிய குழியை அகலமாக வெட்டி, அடுக்கடுக்காக இறுக்கி மூட நேரமும் ஈர மண்ணும் இருந்தால் மட்டும் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் தரையோடு அறுத்துவிட்டுத் துளிரை மாதம் ஒருமுறை கிள்ளுங்கள்.

மரத்துக்கு விலை உண்டு. ஒப்பந்தக்காரர் "நானே இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். மதிப்பீடு வாங்கி முறைப்படி ஏலம் விட வேண்டிய பொதுச் சொத்து அது. ஏல நிபந்தனையிலேயே வேர்க்கட்டை அகற்றுவதைச் சேர்த்துவிட்டால் அகற்றும் வேலைக்கு உங்கள் 20 லட்சத்தில் ஒரு ரூபாய் தேவைப்படாது, கன்று பிடுங்கும் சுற்றுக்கு மட்டும் ஒதுக்கினால் போதும்.

கரையின் வெளிப்பக்க அடியில் பனை விதை போடுங்கள், பத்தடிக்கு ஒன்று, ஆவணி புரட்டாசியில். சல்லிவேர், கரையைப் பிளக்காது.

பட்டா_அடங்கல்

ஊரார் தூர் வார வேண்டும் என்கிறார்கள் இல்லையா, அதற்கு உங்கள் பணம் வேண்டாம். வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. 75 கனமீட்டர் என்றால் ஏறத்தாழ 25 டிராக்டர் லோடு. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி, இ-சேவை வழியாக விண்ணப்பம். முதலில் உங்கள் கண்மாய் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் யாருக்கும் அனுமதி கிடைக்காது. நீர்வளத் துறை உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் 140 ஏக்கர்காரர்களும் 25 லோடு எடுத்தால் 3,500 லோடு. அது எட்டு ஏக்கரில் ஒரு அடி ஆழம். நீர்மட்டம் அண்ணன் சொன்ன மாட்டுப் பள்ளத்தில் பெரும்பங்கு இதிலேயே முடிந்துவிடும், போக்குவரத்துச் செலவு எடுப்பவருடையது. எங்கே எடுக்க வேண்டும் என்று கொடி நட்டுக் காட்டுங்கள்.

மண்ணை வயலில் போடும் முன் பரிசோதனை அவசியம். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் போடக் கூடாது. செம்மண், மணல் சாரி நிலத்துக்குத்தான் கரம்பை (கண்மாய் வண்டல்) பொன். ஏற்கெனவே களியான வயலில் போட்டால் வடிகால் கெடும். ஏக்கருக்கு 25 லோடு பரப்பினால் இரண்டு செ.மீ. கனம்தான் வரும், சித்திரையில் போட்டுக் கட்டி வெயிலில் உதிர்ந்த பிறகு உழுதால் சீராகக் கலக்கும். சாக்கடை கலக்கும் நகர்ப்புறக் கண்மாய் மண்ணை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கண்காணிப்பு ஒன்று தேவை. வண்டல் கருமையாகப் படலம் படலமாக இருக்கும். அதற்குக் கீழே மஞ்சளாகவோ சரளையாகவோ மண் தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தோண்டுகிற வண்டி வயலுக்குப் போகிற வண்டி அல்ல, மனை மேடாக்கப் போகிற வண்டி. ஊர் சார்பில் இரண்டு பேர் நின்று லோடு நோட்டு எழுதினாலே பாதி நின்றுவிடும்.

உசிலை_புஞ்சை

பட்டா அடங்கல் சொன்ன வழி எனக்கு நிறைவு. அப்படியானால் பள்ளமும் கிடைக்கிறது, பணமும் மிச்சம். ஒரு கேள்வி: வரத்துக்காலில் யாராவது வரப்பை நகர்த்தி உழுதிருந்தால்? மூன்று கிலோமீட்டரில் அது இல்லாமல் இருக்காது.

பட்டா_அடங்கல்

புலப்படமும் (நில அளவைப் படம்) அ-பதிவேடும் (ஊரின் நிலப் பதிவேடு) எடுங்கள், வாய்க்கால் புறம்போக்கின் அகலம் அதில் இருக்கிறது. சர்வேயர் வந்து கல் ஊன்றிய பிறகு பேசுங்கள், அதற்கு முன் பேச்சு கைகலப்பில்தான் முடியும். ஆக்கிரமிப்பு அகற்ற 2007-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, நடவடிக்கை துறையுடையது. ஊர்க்குழு தானாகப் பொக்லைனை விட்டு வரப்பை உடைத்தால் வழக்கு குழுவின் மேல் வரும், நிதியும் முடங்கும். பயிர் நிற்கும் நிலமாக இருந்தால் அறுவடை வரை பொறுத்து, கோடையில் அளப்பது நல்லது.

கொட்டாம்பட்டி_மானாவாரி

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு இப்படி ஒரு வரைவு போட்டிருக்கிறேன், லட்சத்தில்:

லெவல், சர்வே 0.4
மறுகால் ஓடை, கலுங்கு 3.0
மடை மூன்று 4.5
கரையின் பலவீனமான இடங்கள் 2.6
ரோட்டில் இரண்டு குழாய்ப் பாலம் 3.0
வரத்துக்கால் 5.5
கையிருப்பு 1.0

தூர் வாருவதற்கு எதுவும் இல்லை, வண்டல் அனுமதி வழியாக மட்டும். திருத்தம் சொல்லுங்கள்.

மடைக்கல்

மூன்று மடைக்கும் ஒரே தொகை போடாதீர்கள். ஒன்று சுரங்கக் கசிவாக இருந்தால் அது மட்டுமே இரண்டரை, மூன்று லட்சம் கேட்கும். மற்ற இரண்டில் தகடும் காடியும் மட்டும் போதுமாக இருக்கலாம். வற்றியவுடன் மூன்றையும் திறந்து பார்த்த பிறகு எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள்.

நீர்மட்டம்

குழாய்ப் பாலத்துக்கான 3 லட்சத்தை வரைவிலிருந்து எடுங்கள் தம்பி. ரோடு ஒன்றியத்துடையது என்றால் ஒன்றியம், நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்கள், அவரவர் நிதியில் செய்ய வேண்டிய வேலை அது. லெவல் படத்தை இணைத்து, குழாயின் அடிமட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எழுதி மனு கொடுங்கள். அதில் மிச்சமாவதைக் கையிருப்பில் சேர்த்து 4 லட்சமாக வையுங்கள். முதல் நிறைப்பில்தான் எது ஒழுகுகிறது என்று தெரியும், அப்போது கையில் பணம் இல்லாவிட்டால் செய்த வேலையும் போகும். நிதி தருபவரிடம் இதைச் சொல்லி, செப்டம்பர் கெடுவை இந்தப் பகுதிக்கு மட்டும் மார்ச் வரை நீட்டித்து எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மீதிப் பணம் திரும்பிப் போய்விடும்.

மேலூர்_ஒருபோகம்

வரைவில் ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது, மடை திறந்து மூடுகிறவருக்கான கூலி. ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் அல்லது பணம் என்று நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத் தீர்மானத்தில் எழுதி, அறுவடைக் களத்திலேயே வசூலியுங்கள். திருகுச் சாவி அவர் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும், மீன் குத்தகைக்காரரிடம் போகக் கூடாது. குத்தகை ஒப்பந்தத்திலும், மீன் பிடிப்பதற்காகத் தண்ணீரை வடிக்கக் கூடாது என்ற வரி இருக்க வேண்டும்.

அதோடு நடு மடையின் சுவரில் ஒரு அளவுகோல் வரையச் சொல்லுங்கள். மடை அடிக்கல் சுழியம், அங்கிருந்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு, கலுங்கு மட்டத்தில் சிவப்புக் கோடு. கார்த்திகை கடைசியில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, நெல்லா, உளுந்தா, எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் முடிவு செய்யலாம். பெயின்டுக்கு 500 ரூபாய் ஆகும்.